மேஜர் காலி என்று சொன்ன மணல்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பயம் ஒன்றும் கிடையாது. பெயரை எழுதினால் அவரைத் தெரிந்த நாலு பேர் வந்து, "அவர் எவ்வளவு நல்ல மனுஷன் தெரியுமா?" என்பார்கள். தெரியும். அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கெட்டவன் என்றால் திட்டித் தீர்த்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

மேஜர் என்றே வைத்துக்கொள்வோம். படூர் அடுக்குமாடியில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் பீரங்கிப் படை ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவருக்குக் கார் ஓட்டினேன். என் ஊர் நெம்மேலிக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு குப்பம். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். அதனால் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

மேஜர் காரில் ஏறினால் அவர் மடியில் ஒரு வரைபடம் இருக்கும். சுற்றுலாக்காரர்கள் வைத்திருக்கிற படம் இல்லை. இருநூறு வருஷத்துக்கும் முன்னால் வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தப் பக்கம் பீரங்கியை இழுத்துக்கொண்டு போனபோது போட்ட படம். அசல் வீட்டில் பூட்டி இருக்கும். மடியில் இருப்பது நகல். அதைப் பார்த்துத்தான் எனக்கு வழி சொல்வார். லெஃப்ட், ரைட் கிடையாது. கிழக்கு, மேற்கு.

திருப்போரூர் தாண்டி ஒரு நாள், "கிழக்கே திரும்பு" என்றார். திரும்பினேன். மண் பாதை உப்பங்கழி ஓரத்தில் போய் முடிந்தது.

"போ."

"தண்ணி கீது சார்."

"இங்க பீரங்கியே கடந்து போயிருக்கு. அடியில கெட்டித் தரை."

"அப்ப இருந்திருக்கும் சார். இப்ப சேறு."

"மேப்ல கெட்டித் தரைன்னு போட்டிருக்கான். போ."

போனேன். முன்சக்கரம் இரண்டும் இறங்கிவிட்டன. இடுப்பளவு தண்ணீரில் இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இன்னா நைனா, வண்டிக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். மேஜர் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். முழங்கால்வரை சேறு. அப்படியே நின்று படத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இங்க தண்ணி இருக்கக் கூடாது" என்றார்.

சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. தண்ணீர்மேல் புகார் சொன்னார். அவர் குணமே இதுதான். படத்துக்கும் பூமிக்கும் சண்டை வந்தால் அவர் படத்தின் பக்கம் நிற்பார். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. டிராக்டர் கூப்பிட்டு வண்டியை இழுத்ததையும், தண்ணீரை அவர் முறைத்ததையும் அண்ணி வீட்டில் நடித்துக் காட்டினேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் வீட்டில் ஏசி ஒரே அறையில்தான் இருந்தது. அந்த அறையில் படங்கள் இருந்தன. உப்புக் காற்று பட்டால் காகிதம் கெட்டுவிடும் என்று பகல் முழுக்க ஏசி ஓடும். அவர் மனைவி, நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன், ஹாலில் டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"நானும் ஒரு மேப்பா பொறந்திருக்கணும்பா. குளுகுளுன்னு இருந்திருப்பேன்."

உள்ளே இருந்து மேஜர் சொல்வார்: "நீ மடிச்சா கிழிஞ்சிடுவே."

"இத்தனை வருஷமா மடிச்சுத்தானே வெச்சிருக்கீங்க. இன்னும் கிழியலியே."

மேஜர் சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அம்மாவிடம் மட்டும்தான்.

அந்த அறைக்குள் போக வேண்டுமென்றால் கையைக் கழுவித் துடைத்துக் காட்ட வேண்டும். படங்களைத் துணியில் ஒட்டியிருப்பார்கள். குதிரைமேல் எடுத்துப்போக வாகாக, துண்டு துண்டாக வெட்டி ஒட்டி மடித்தவை. மலைகளைக் கம்பளிப்பூச்சி மாதிரி வரைந்திருக்கும். பழுப்பு மை. சிலதில் ஓரமாகக் கறை. வியர்வையா, சாராயமா, ரத்தமா தெரியாது. காகிதத்தைத் தின்கிற ராமபாணப் பூச்சி வராமல் இருக்க அலமாரியில் வசம்பு போட்டு வைத்திருந்தார். அந்த அறைக்குள் அவர் குரல் தாழ்ந்துவிடும். கோயிலுக்குள் பேசுகிற மாதிரி பேசுவார்.

பட்டாளத்து வாழ்க்கையை அவர் வரிசையாகச் சொன்னதில்லை. டோல்கேட்டில் கொஞ்சம், டீக்கடையில் கொஞ்சம். வேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிப்பாயாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி ஆபீசர் ஆனவர். பீரங்கிக்காரனுக்குப் படம்தான் கண் என்பார். குண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய் விழும். சுடுகிறவன் அதைப் பார்ப்பதில்லை. படத்தில் கட்டம் பார்த்து எண்ணைச் சொன்னால் குண்டு அங்கே போகும். அவர் சொன்ன எண் ஒரு தடவைகூடத் தப்பியதில்லையாம்.

கேளம்பாக்கத்தில் ஒரு பஜ்ஜிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தபோது இதைச் சொன்னார். வடக்கே எல்லை மலையில் ஒரு மேட்டைச் சுடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எதிரி அங்கே பதுங்கியிருக்கலாம் என்று சந்தேகம். படத்தில் அது வெறும் மேடு. ஆடு மேய்க்கிற ஒருவன் ஓடிவந்து, வெயில் காலத்தில் எங்கள் சனம் அங்கேதான் கூடாரம் போட்டிருக்கும் என்று சொல்லியிருக்கிறான். மேஜர் படத்தைப் பார்த்தார். படத்தில் கூடாரம் இல்லை. எண்ணைச் சொன்னார்.

"அப்புறம் இன்னா ஆச்சு சார்?"

"விசாரணை வெச்சாங்க. மேப்பை மேசைமேல விரிச்சேன். அவ்வளவுதான். என்மேல தப்பில்லைன்னு முடிச்சாங்க."

"எத்தினி பேரு சார் செத்தாங்க?"

"அதை எண்ணறது வேற யூனிட்டோட வேலை."

பிறகு கார்க் கண்ணாடியை இறக்கி, "பஜ்ஜி சூடா இருக்கான்னு கேளு" என்றார்.

அதற்கப்புறம் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை என்று அம்மா ஒரு நாள் சொன்னார். "தப்பில்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. ஆனா அங்கேயே நிறுத்திட்டாங்க. அன்னிலேருந்துதான் இந்தப் பழைய மேப்பெல்லாம் வாங்க ஆரம்பிச்சார். எதுக்குன்னு நான் கேட்டதில்லை." உள்ளுக்குள் குமுறியிருப்பார், மன்னிப்புத் தேடியிருப்பார் என்று கதை எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். நான் அவர் உள்ளுக்குள் போய்ப் பார்த்ததில்லை. பஜ்ஜி சாப்பிட்டதைப் பார்த்தேன். அதைத்தான் எழுத முடியும்.

நல்லதையும் எழுதுகிறேன். என் மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ரத்தம் கொடுக்க அடுக்குமாடியிலிருந்து ஆட்களை அழைத்துவந்தார். அவள் கண் திறக்கும்வரை வெளியே பெஞ்சில் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். காரில் பின்சீட்டில் ஏற மாட்டார். எங்கே சாப்பிட்டாலும் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சாப்பிடுவார். என் கல்யாண நாள்கூட அவருக்கு ஞாபகம் இருக்கும். இவ்வளவும் உண்மை. ஒன்றையும் மறைக்கவில்லை.

செங்கல்பட்டுக் கோட்டைக்கு அடிக்கடி போவோம். கோட்டை என்று ஒன்றும் பெரிதாக மிச்சமில்லை. நடுவே ரயில் போகிறது. அந்தத் தண்டவாளம் அவருக்குப் பிடிக்காது, படத்தில் இல்லையே. இடிந்த மதில்மேல் நகலை விரித்து, எந்தப் பக்கம் ஏரி காவலாக இருந்தது, எந்தப் பக்கம் பீரங்கியைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார். அங்கே வைத்துத்தான் ஒரு தடவை நான் கேட்டேன்.

"இன்னா சார், இவ்ளோ பெரிய எடத்துல சனமே இல்லையா? வூடுங்களே காணோம்?"

"சண்டைக்குப் போட்ட படம்ப்பா. பட்டாளத்துக்கு என்ன வேணுமோ அதைத்தான் போடுவான். தண்ணி எங்க, மாட்டுக்குத் தீவனம் எங்க, நிழல் எங்க, வண்டி இறங்குமா. குடிசையை எல்லாம் வரைய மாட்டான். குடிசையால அவனுக்கு என்ன பிரயோஜனம்?"

எனக்கு அது சுருக்கென்றது. ஆனால் விஷயம் தெரிந்த மனுஷன், உள்ளதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் குப்பத்துக்குத் தெற்கே ஒரு மணல் மேடு இருந்தது. வாடைக் காலத்தில் கடல் ஏறி வரும்போது படகுகளை அதில்தான் ஏற்றுவார்கள். மற்றக் கரையையெல்லாம் அலை அரித்துத் தின்றுவிட்டது. பட்டா கிடையாது. படகு ஏற்றுகிற மணலுக்கு எவன் பட்டா வாங்கினான்? அதற்குப் பின்னால் இருந்த தோப்பை ஒரு ரிசார்ட்காரர் வாங்கினார். மணலும் தோப்போடு சேர்ந்தது, குப்பத்துக்காரர்கள் நேற்று வந்தவர்கள், அவர்களுக்கு அங்கே எந்தக் காலத்திலும் பாத்தியதை கிடையாது என்றார். அந்த இடம் போனால் மழைக்காலத்தில் அண்ணனுக்குப் படகை வைக்க இடமில்லை. படகு இல்லையென்றால் அண்ணனுக்கு எதுவுமே இல்லை.

ரிசார்ட்காரரின் வக்கீல் மேஜர் இருந்த கட்டடத்திலேயே நாலாவது மாடியில் குடியிருந்தார். மேஜரின் படங்களைப் பற்றி அங்கே எல்லாருக்கும் தெரியும். இந்தக் கரையைக் காட்டுகிற படம் ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. தகராறை விசாரிக்கிற அதிகாரி இடத்தைப் பார்க்க வரும்போது அதைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். மேஜர் சரி என்றார். ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

காரில் போகும்போது அவரே சொன்னார்.

"சார், அது எங்க எடம்."

"தெரியும்."

"அப்புறம் எப்டி சார் போறீங்க?"

"மேப்ல என்ன இருக்குன்னு கேக்கறாங்க. இருக்கறதைச் சொல்லப் போறேன். பொய் சொல்லப் போறதில்லையே."

"அப்ப அத்தயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். கோட்டையில எங்கிட்ட சொன்னீங்களே, குடிசையெல்லாம் வரைய மாட்டான்னு."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கேட்டா சொல்றேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அண்ணனிடம் போய், "சார் நம்ம பக்கம் பேசுவாரு, பயப்படாத" என்றேன். குப்பமே நம்பியது.

விசாரணை அன்று மணலில் பந்தல் போட்டிருந்தார்கள். அதிகாரிக்கும் வக்கீலுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் சனம் கீழே மணலில். மேஜர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். நகலைக் கொண்டுவரவில்லை, அசலையே கொண்டுவந்திருந்தார். மேசையில் விரித்துக் காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கையடக்கமான எடைகளை வைத்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் கடல் அதில் வெறும் வெள்ளையாக இருந்தது.

வக்கீல் விரலை வைத்துக் கேட்டார். "இந்த இடத்துல என்ன இருக்கு?"

"மணல். பின்னால பனந்தோப்பு. ஒரு நல்ல தண்ணிக் கிணறு."

"குப்பம்?"

"இல்லை."

"வீடு, குடிசை எதாவது?"

"இல்லை. காலி."

அண்ணி எழுந்தாள். அவளுக்கு அதிகாரியும் ஒன்றுதான், மீன் ஏலக்காரனும் ஒன்றுதான். "ஆளே இல்லாத மணல்ல கெணறு இன்னாத்துக்கு? நண்டு தோண்டிச்சா?"

சனம் முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு மேஜரைப் பார்த்து, "அந்தம்மா கேக்கறது நியாயம்தானே? கிணறு யார் வெட்டியிருப்பாங்க?" என்றார்.

மேஜர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யார் வெட்டினாங்கன்னு மேப்ல இல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் இருந்து கத்தினேன். "சார், குடிசையெல்லாம் வரைய மாட்டான்னு சொல்லுங்க சார்! நீங்கதான சொன்னீங்க!"

வக்கீல் என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். ஆனால் அதிகாரி விடவில்லை. "அப்படியா மேஜர்? குடிசைகளை விட்டுடுவாங்களா?"

கேட்டாகிவிட்டது. கேட்டால் சொல்கிறேன் என்றாரே, கேட்டாகிவிட்டது. அண்ணன் முழங்காலில் எழுந்து நின்று அவரையே பார்த்தான்.

மேஜர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். "அது என் அபிப்பிராயம். மேப்ல அப்படி எழுதலை" என்றார்.

கார் சாவியை பானெட்மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அவர் எப்படிப் படூர் போனார் என்று நான் கேட்கவில்லை.

அவர் ஒருவர் சொன்னதால்தான் இடம் போனது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் ஆள்பலம் இருந்தது. ஆனால் உத்தரவில், பழைய ராணுவப் படத்தின்படி அது குடியிருப்பு இல்லாத நிலம் என்று ஒரு வரி இருந்தது. எங்களிடம் திருப்பிச் சொல்ல எதுவும் இல்லை. சீக்கிரமே சுவர் எழுந்தது. தோப்பிலிருந்து அலை தொடும் இடம்வரை, மணல் மேட்டை முழுசாக வளைத்து.

அந்த வருஷ வாடைக்குக் குப்பத்துப் படகுகள் எல்லாம் மிச்சமிருந்த துண்டுக் கரையில் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. கடல் ஏறியது. அண்ணன் தன் படகை இன்னும் கொஞ்சம் மேலே இழுக்கப் போனான். பக்கத்துப் படகை அலை தூக்கி இவன் படகின்மேல் போட்டது. நடுவில் அவன் கால். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எப்படியோ கேள்விப்பட்டு அம்மா போன் செய்தார். "உங்க அண்ணனுக்கு எப்படிப்பா இருக்கு?"

"காலு போச்சும்மா. சார்கிட்ட சொல்லுங்க. அந்தப் பூதக்கண்ணாடிய வெச்சி மேப்ல எங்கனா காலு கீதான்னு பாக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன்.

வெயில் ஏற ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் மேஜர் வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். தோளில் மூன்று கால் வைத்த பலகை ஒன்று, கையில் அளவு நாடா. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வடக்குக் கோடியில் முதல் வீட்டு வாசலில் பலகையை நிறுத்தி, வெள்ளைத் தாளைக் குத்தி, வரைய ஆரம்பித்தார். வீடு வீடாக வந்தார். இங்கே யார் இருக்கிறார்கள், அப்பா பெயர் என்ன, அவருக்கு அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டார். வலை பின்னும் கூடம், அம்மன் கோயில், மீன் காய வைக்கிற தளம், குழாயடி, ஒன்றையும் விடவில்லை. சிலர் பதில் சொன்னார்கள். சிலர் காறித் துப்பினார்கள். அதற்கும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் போனார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"வெயில்ல வுழுந்து கெடக்கப் போறான், அந்தப் பழியும் நமக்கு எதுக்கு?" என்று அண்ணி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்த் தரையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. எடுத்துக் குடித்தார்.

எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் நின்றேன். மேஜர் அவன் காலைப் பார்த்தார். பார்க்காத மாதிரி நடிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மன்னிப்பும் கேட்கவில்லை.

"படகெல்லாம் எங்க ஏத்துவீங்க?" என்றார்.

அண்ணன் சுவரைக் காட்டினான். "அதுக்குள்ள."

மேஜர் பலகையைத் திருப்பினார். பென்சிலைச் சீவினார். சுவர் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"அத்த மட்டும் வுட்டுருங்க சார்" என்றேன். "காலின்னு சொன்னீங்க இல்ல? காலியாவே வுடுங்க."

"முடியாது. சுவர் இருக்கு."

"இருக்குதுதான். படத்துல போடாதீங்க. நாளைக்கு எவனாவது இத்த எடுத்துகினு வந்து, செவுரு அப்பவே இருந்துச்சின்னு சொல்லுவான். உங்கள மாதிரியே ஒருத்தரு வந்து ஆமாம்பாரு."

பென்சில் நின்றது. சுவரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

அண்ணன்தான் பேசினான். "வுடுடா, வரையட்டும். கண்ணால பாத்து வரையறாரு. இப்பதான் கத்துகினு வர்றாரு."

மேஜர் அதைக் கேட்டுக்கொண்டார். நாடாவை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனார். நீளமான சுவர். ஒரு ஆள் முனையைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு ஆள் இழுத்துக்கொண்டு போனால்தான் அளக்க முடியும். திரும்பி எங்களைப் பார்த்தார். கூப்பிடவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். குப்பமே வாசலில் நின்றது. யாரும் நகரவில்லை. நாடாவின் முனைமேல் ஒரு கல்லை வைத்துவிட்டு அவர் பாட்டுக்குக் கடலைப் பார்த்து நடந்தார். பாதி தூரத்தில் நாடா இழுத்துக்கொண்டது, கல் புரண்டது. திரும்பி வந்து, குனிந்து, கல்லைச் சரியாக வைத்துவிட்டு மறுபடியும் நடந்தார். மறுபடியும் புரண்டது. மறுபடியும் வந்தார்.

அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.